பெரிய பிளான் போட்டும் நெட் சுத்துதா? ரவுட்டரில் 2.4-ஆ, 5-ஆ... பார்த்து மாத்துங்க!

சென்னை,

"சார், 100 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டிருக்கேன். ஹாலுல நல்லா வருது. பெட்ரூமுக்கு போனா படம் சுத்திக்கிட்டே நிக்குது..."

வீடுகளுக்கு இண்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஆபரேட்டர்களின் காதில் அடிக்கடி விழும் புலம்பல் இது. (இங்கே எம்.பி.பி.எஸ். என்பது டாக்டர் படிப்பு அல்ல. ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் போகிறது என்ற வேக கணக்கு.)

போன் போட்டதும் ஆள் வருவார். ரவுட்டர் பக்கத்திலேயே நின்று செல்போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டு காட்டுவார். 95 வரும். "லைன் கரெக்டா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு கிளம்பிவிடுவார். அவர் தெருமுனையை தாண்டுவதற்குள் பெட்ரூமில் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். தெருவில் இருந்து வீட்டுக்கு வரும் வயரில் கோளாறு இல்லை. ரவுட்டரில் இருந்து செல்போனுக்கு போகும் காற்று வழியில்தான் சிக்கல். அந்த வழி ஒன்றல்ல, இரண்டு. எந்த சாதனம் எந்த வழியில் போக வேண்டும் என்று பிரித்துவிடாததால் வரும் தொல்லை இது.

இது தெரியாமல் 100 பிளானை 200 ஆக்கி, மாதாமாதம் கூடுதல் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. ஆன்லைன் இண்டர்வியூ பாதியில் கட் ஆகி, வேலை கைநழுவி போகுமோ என்று தவிப்பவர்களும் உண்டு. பல வீடுகளில் பைசா செலவில்லாமல் அரை மணி நேரத்தில் சரி செய்துவிடலாம். அதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு பெட்டி, இரண்டு பெயர்

செல்போனில் வை-பை பட்டியலை திறந்தால் ஒரே வீட்டு ரவுட்டர் இரண்டு பெயர்களில் தெரியும். ஒன்று சாதாரண பெயர். இன்னொன்றின் வாலில் "5ஜி" என்று ஒட்டிக்கொண்டு இருக்கும்.

இந்த 5ஜிக்கும் செல்போன் கம்பெனிகள் விற்கும் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை. செல்போனில் 5ஜி என்றால் ஐந்தாம் தலைமுறை. இந்தியாவில் 2022 அக்டோபரில் அறிமுகமானது. ரவுட்டரில் 5ஜி என்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை, அவ்வளவுதான். "என் போன் 4ஜி போன்தானே, அது எனக்கு வேலை செய்யாது" என்று அந்த பெயரை தொடாமலே இருப்பவர்கள் ஏராளம். 4ஜி போனாக இருந்தாலும் அதன் வை-பையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் தாராளமாக சேரலாம். வசதி இல்லாத போனில் அந்த பெயர் பட்டியலிலேயே வராது. இதுவே சோதனை.

வாலில் எதுவும் இல்லாத சாதாரண பெயர் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்.

இரண்டு அலைவரிசைகளுக்கும் வீட்டில் லைசென்சு எதுவும் தேவையில்லை. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிக்கு மத்திய அரசு 2005-ம் ஆண்டு விதிகளில் லைசென்சு விலக்கு கொடுத்தது. 2018 அக்டோபரில் 5,150 முதல் 5,350 வரையும், 5,470 முதல் 5,875 வரையும் மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் திறந்துவிடப்பட்டன.

இந்த எண்களை கழித்து பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். முதலாவதில் இருக்கும் இடம் வெறும் 83.5 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவதில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். ஏழு மடங்குக்கும் மேல்.

3 குழாய், 30 குடம்

2.4-ல் 13 சேனல்கள் உண்டு. பெயருக்குத்தான் 13. ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒரு ரவுட்டர் பேசுவதற்கு குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றோடு ஒன்று முட்டாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே.

அடுக்குமாடி குடியிருப்பில் தளத்துக்கு நாலு வீடு, நாலு தளம் என்றால் 16 ரவுட்டர். பக்கத்து பிளாக்கையும் சேர்த்தால் முப்பதை தொடும். அத்தனையும் மூன்று குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

வை-பைக்கு என்று ஒரு ஒழுக்கம் உண்டு. பேசுவதற்கு முன்பு காது கொடுத்து கேட்கும். அதே சேனலில் வேறு யாராவது பேசிக்கொண்டு இருந்தால் காத்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர் ரவுட்டராக இருந்தாலும் இதே கதைதான். குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பது போல. எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடும் இரவு 7 மணிக்கு மேல் நெட் மந்தமாவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

போதாக்குறைக்கு புளூடூத் இயர்போன், வயர் இல்லாத மவுஸ் எல்லாம் இதே 2.4-ல்தான் பேசுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறத்தாழ 2.45 ஜிகாஹெர்ட்சில். அதன் கதவு வழியாக மிகச்சிறிய அளவு கசியும் அலை உடம்புக்கு ஆபத்து இல்லாத அளவுதான். ஆனால் வை-பையின் மெல்லிய பேச்சை கலைக்க அது போதும். அம்மா சமையல் அறையில் சாப்பாடு சூடு பண்ணும் 2 நிமிடம் மகனின் வீடியோ கால் மட்டும் உறைந்து நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

5 ஜிகாஹெர்ட்சில் முட்டிக்கொள்ளாத சேனல்கள் 20-க்கும் மேல். வரிசை குறைவு. ஒரே நேரத்தில் நாலு சேனல்களை சேர்த்து 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடவும் இடம் இருக்கிறது. அதனால்தான் வேகம் பல மடங்கு கூடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் 5-க்கு மாற்றிவிடலாமே?

அங்கேதான் சுவர் குறுக்கே வருகிறது.

சுவருக்கு பயப்படும் 5

அலைவரிசை கூடக்கூட அலையின் நீளம் குறையும். 2.4-ன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5-ன் அலைநீளம் சுமார் 6 சென்டிமீட்டர். ஒரே மாதிரி ஆண்டனா, ஒரே சக்தி, ஒரே தூரம் என்றால் 5 ஜிகாஹெர்ட்சில் போய் சேரும் சிக்னல், 2.4-ல் போய் சேருவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். இது வெட்டவெளி கணக்கு. நடுவே செங்கல் சுவர், கான்கிரீட் வந்தால் 5 இன்னும் அதிகமாக அடிபடும்.

எனவே வீட்டின் கட்டுமானம்தான் முதல் கேள்வி.

* புது அடுக்குமாடி வீடு: உள் சுவர்கள் பெரும்பாலும் மெலிதானவை. ஒரு சுவர் தாண்டி 5 நன்றாகவே வரும். இரண்டாவது சுவரில் தள்ளாடும்.

* திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்து பழைய வீடுகள்: கனமான சுவர். ஒரே சுவரில் 5 படுத்துவிடலாம். உள் அறைகளுக்கு 2.4-தான் துணை.

* செட்டிநாட்டு வீடு: முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு வளவை தாண்டி இரண்டாம் கட்டில் நெட் தேடினால் 5 வராது. 2.4-கூட சந்தேகம். உள்ளே கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைப்பதுதான் வழி.

* மாடி வீடு: கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அலைக்கு பெரிய எதிரி. கீழ்த்தளத்து ரவுட்டரின் 5-ஐ நம்பி மாடியில் ஆபீஸ் வேலை பார்க்க கூடாது.

சுவர் மட்டும் அல்ல. இரும்பு பீரோ அலையை திருப்பி அடிக்கும். டிரஸ்சிங் டேபிள் கண்ணாடியின் பின்புறம் உள்ள உலோக பூச்சும் அப்படியே. மீன் தொட்டி தண்ணீர் அலையை குடித்துவிடும். ரவுட்டருக்கும் கட்டிலுக்கும் நடுவே பீரோ நின்றால், குறை சொல்ல வேண்டியது பீரோவைத்தான்.

எதற்கு எது?

சுருக்கமாக சொன்னால்: கிட்டே இருப்பதும், அதிக வேகம் கேட்பதும் 5-க்கு. தூரத்தில் இருப்பதும், கொஞ்சமாக பேசுவதும் 2.4-க்கு.

* ஹாலில் உள்ள ஸ்மார்ட் டி.வி.: 5. அதைவிட நல்லது லேன் கேபிள். ரவுட்டர் டி.வி.க்கு பக்கத்தில் இருந்தால் ஒரு சின்ன வயரை சொருகிவிட்டால் போதும். டி.வி.யின் பாரம் காற்றில் இருந்து இறங்கிவிடும். மற்ற எல்லோருக்கும் வழி கிடைக்கும்.

* வீட்டில் இருந்து ஆபீஸ் வேலை, ஆன்லைன் வகுப்பு, இண்டர்வியூ: ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ உட்கார்ந்து 5. வீடியோ காலுக்கு பெரிய வேகம் தேவையில்லை. சில எம்.பி.பி.எஸ். போதும். ஆனால் விட்டு விட்டு வரக்கூடாது. வரிசையில் காத்திருக்க வைக்கும் 2.4-ஐ விட கூட்டம் இல்லாத 5 இதற்கு தோது. தூர அறையில்தான் உட்கார முடியும் என்றால், அறுந்து அறுந்து வரும் 5-ஐ விட மெதுவாக ஆனால் நிலையாக வரும் 2.4 மேல்.

* ஆன்லைன் விளையாட்டு: 5 அல்லது கேபிள்.

* வாசல் கேமரா, ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக்: இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். புது பல்பை மாட்டும்போது "கனெக்ட் ஆகவில்லை" என்று வந்தால் கடைக்காரரிடம் சண்டைக்கு போக வேண்டாம். செல்போனையும் தற்காலிகமாக 2.4 பெயருக்கு மாற்றிவிட்டு முயன்றால் பல நேரம் வேலை முடிந்துவிடும்.

* பால்கனி, மொட்டை மாடி, பின்கட்டு: 2.4.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

கடையில் ரவுட்டர் வாங்கும்போது பெட்டியில் "என்300" என்று இருந்தால் அது 2.4 மட்டும் உள்ள பழைய ரகம். 5 அதில் கிடையாது. "ஏ.சி.1200" என்று இருந்தால் இரண்டும் உண்டு. (இந்த ஏ.சி. குளிரூட்டும் ஏ.சி. அல்ல. 2013-ல் வந்த வை-பை ரகத்தின் பெயர்.)

ஆனால் 1200 என்ற எண்ணில் ஒரு வியாபார சூட்சுமம் இருக்கிறது. 2.4-ன் அதிகபட்சம் 300, 5-ன் அதிகபட்சம் 867. இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கி 1200 என்று போடுகிறார்கள். வழக்கமான ஒரு செல்போன் ஒரு நேரத்தில் ஒரு வழியில்தான் போகும். எனவே 1200 யாருக்கும் வராது. அந்த 867-ம் ஏட்டு கணக்குதான். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது.

அதைவிட முக்கியம், பின்புறம் உள்ள துளை. விலை குறைந்த சில ரவுட்டர்களில் கேபிள் சொருகும் துளை 100 எம்.பி.பி.எஸ். வரைதான் தாங்கும். 200 பிளான் போட்டாலும் 95-க்கு மேல் ஏறாது. வாங்கும்போது "கிகாபிட் போர்ட் இருக்கா?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

வை-பை 6இ, வை-பை 7 என்று எழுதிய பெட்டிகளில் மூன்றாவதாக 6 ஜிகாஹெர்ட்ஸ் என்ற வழியும் இருக்கலாம். அதன் கீழ்ப்பகுதியான 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்சு இல்லாமல் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளை மத்திய தொலைத்தொடர்பு துறை 2025 மே மாதம் வெளியிட்டது. இதற்கு ரவுட்டரும் போனும் இரண்டுமே ஆதரவு தர வேண்டும். சுவரை கண்டால் 5-ஐ போலவே பின்வாங்கும். இதற்காக நல்ல நிலையில் ஓடும் ரவுட்டரை தூக்கிப்போட அவசியம் இல்லை.

மாற்றுவது எப்படி?

1. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை பார்க்க வேண்டும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல ஒரு முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு இருக்கும். வீட்டு வை-பையில் சேர்ந்த செல்போன் பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் ரவுட்டரின் செட்டிங்ஸ் திறக்கும். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் இணைப்பு கொடுத்தவரை கேட்டால் சொல்வார்.

2. சில ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருக்கும். எதில் சேர்ப்பது என்று ரவுட்டரும் போனுமே முடிவு செய்யும். நன்றாக வேலை செய்தால் அப்படியே விட்டுவிடலாம். போன் அடிக்கடி தவறான வழியில் மாட்டிக்கொண்டால் "ஸ்மார்ட் கனெக்ட்" போன்ற பெயரில் உள்ள வசதியை அணைத்துவிட்டு, "வீடு-2", "வீடு-5" என்று தனித்தனி பெயர் வைத்து பிரிக்கலாம்.

3. 2.4-க்கு சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் கூட்டம் குறைந்ததை தேர்வு செய்ய வேண்டும். வை-பை அனலைசர் வகை ஆப்பில் எந்த சேனலில் எத்தனை ரவுட்டர் என்று தெரியும். "3 காலியா இருக்கே" என்று அதில் போய் உட்கார கூடாது. 1-க்கும் தொல்லை, 6-க்கும் தொல்லை, தனக்கும் தொல்லை.

4. 2.4-ன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைக்க வேண்டும். 40 என்றால் வேகம் கூடும் என்று தோன்றும். அடுக்குமாடியில் அது இரண்டு குழாயை ஒருவரே பிடித்துக்கொள்வதற்கு சமம். கடைசியில் தன் குடமும் நிரம்பாது.

5. 5-ல் சேனல் 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல் வைப்பது சிக்கல் இல்லாதது. நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடார்களும் பயன்படுத்தும் பகுதி. இதில் உள்ள ரவுட்டர் முதலில் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்து கேட்ட பிறகே பேச ஆரம்பிக்கும். ரேடார் சத்தம் கேட்டால் வேறு சேனலுக்கு தாவிவிடும். கரண்ட் போய் வந்ததும் 2.4 பெயர் உடனே வந்து, 5 பெயர் மட்டும் தாமதமாக வந்தால் பயப்பட வேண்டாம். காரணம் இதுவாக இருக்கலாம்.

6. டி.வி.யை 5-ல் சேர்த்த பிறகு, அதே டி.வி.யில் 2.4 பெயரை "மறந்துவிடு" என்று கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் முதலில் தெரியும் 2.4-ல் போய் ஒட்டிக்கொள்ளும்.

இடம் மாற்றினாலே பாதி தீர்ந்தது

கேபிள் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறதோ அந்த மூலையிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டு போவது வழக்கம். பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும். இன்னும் சில வீடுகளில் டி.வி. ஷோகேசுக்குள், பீரோ மேலே, ஸ்டீல் அலமாரிக்குள் ஒளித்து வைப்பார்கள்.

வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே சரி. கேபிள் நீளம் போதாவிட்டால் நீட்டி தர சொல்லலாம். மாதாமாதம் பெரிய பிளானுக்கு கட்டும் பணத்தோடு பார்த்தால் இது ஒரு தடவை செலவு.

ரவுட்டரின் சக்தியை "ஹை" என்று வைத்துவிட்டால் தூர அறைக்கு போய்விடும் என்று நினைப்பதும் தவறு. ரவுட்டர் கத்தினால் மட்டும் போதாது. செல்போன் சொல்லும் பதில் ரவுட்டர் காதில் விழ வேண்டும். சின்ன போனின் குரல் சின்னதுதான். புள்ளி முழுசாக காட்டியும் நெட் நகராமல் நிற்பது இதனால்கூட இருக்கலாம்.

தூர அறைக்கு ரிப்பீட்டர் வாங்கி, சிக்னலே இல்லாத அறையில் சொருகிவிட்டு "வேலை செய்யல" என்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல சிக்னலை வாங்கினால்தானே அதனால் திருப்பி கொடுக்க முடியும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடு வழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகும்.

பிளான் மாற்றும் முன்பு...

2020 ஊரடங்கின்போது ஹாலும் பெட்ரூமும் ஒரே நாளில் ஆபீசாகவும் வகுப்பறையாகவும் மாறின. வீட்டு நெட் கட் ஆனால் சம்பளத்திலும் மார்க்கிலும் கை வைக்கும் என்பது அப்போது பலருக்கு புரிந்தது. எனவே நெட் சரியில்லை என்று தோன்றினால் முதலில் ஒரு பேப்பரை எடுத்து இந்த சோதனையை செய்துவிடுவது நல்லது.

ரவுட்டர் பக்கத்தில், பெட்ரூமில், கடைசி அறையில் என்று மூன்று இடங்களில் நிற்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 2.4-ல் ஒரு தடவை, 5-ல் ஒரு தடவை ஸ்பீடு டெஸ்ட் போட்டு எழுத வேண்டும். காலையில் ஒரு முறை, இரவு 8 மணிக்கு ஒரு முறை.

* ரவுட்டர் பக்கத்தில் 5-லேயே வேகம் குறைவாக இருந்தால் லைனிலோ ரவுட்டரிலோ கோளாறு. தாராளமாக ஆபரேட்டரை கூப்பிடலாம்.

* பக்கத்தில் வேகம், பெட்ரூமில் 5 குறைவு, 2.4 பரவாயில்லை என்றால் சுவர் பிரச்சினை. அந்த அறைக்கு 2.4, அல்லது ரவுட்டர் இடமாற்றம்.

* காலையில் 2.4 நன்றாக வந்து இரவில் மட்டும் படுத்தால் அக்கம்பக்கத்து கூட்டம். சேனலை மாற்ற வேண்டும், முடிந்ததை எல்லாம் 5-க்கு தள்ள வேண்டும்.

* ரவுட்டர் பக்கத்தில் பிளானில் சொன்ன முழு வேகமும் வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது மட்டும் 5-லும் போதவில்லை என்றால், அப்போதுதான் பெரிய பிளான்.

இந்த நாலில் கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் கூடுதல் மாத கட்டணம் தீர்வு என்பது குறிப்பிடத்தக்கது.